மடைக்கட்டை

நூல் தட்டுப்பாட்டில் அருப்புக்கோட்டையில் எங்கள் தறிகள் நின்றிருந்தன. சும்மா இருக்க முடியாமல் நண்பனோடு திருச்சுழிப் பக்கத்துப் பெரிய கண்மாய்க்குப் போய்க் கரையில் தங்கினேன். இரண்டு நாள் தெப்பத்தில் மிதந்தோம்; தூண்டிலில் மீன் சிக்கவில்லை. தண்ணீர் ஓடினால் மீன் வாய்க்காலுக்கு வரும் என்று, மடையை அடைத்திருந்த கட்டையைப் பிடுங்கினேன். திரும்பச் செருக முடியவில்லை. நெல் விளையவேண்டிய தண்ணீர் வெறுமனே பாய்ந்தது.

மடை காக்கும் நீர்பாய்ச்சி குதித்து, மூழ்கி மூழ்கி அடைத்தார். அதற்குள் ஊரார் கம்போடு வந்துவிட்டார்கள்.

“எவன்லே மடையத் தொறந்தது?”

“நாந்தேன்,” என்றார் நீர்பாய்ச்சி. “கட்டை இத்துப்போச்சான்னு பாத்தேன், கை நழுவிருச்சு. இவுக மீன் பிடிக்க வந்தவுக.”

நான் தூண்டில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

அறுப்பில் அவருக்குக் கூலியாகச் சேரவேண்டிய கதிர்க்கட்டுகளை ஊர் கொடுக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்று நான் சொல்லவேண்டிய அந்த ‘நாந்தேன்’ இன்னும் என் வாயிலேயே கிடக்கிறது.