ஆறு குழாய்களின் நிறம்

முன்னறையிலிருந்து கைரியாவின் சிரிப்பு கேட்டது. குசினியில் அனற் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"எத்தன கோழி வாங்குனீங்க மிஸ்? ஒரு கால்கூட எங்க சட்டிக்கு வரலையே!" என்று கணவன் லூக்காஸ் சீண்டிக்கொண்டிருந்தான்.

"சாறு எடுக்கவே காணாது லூக்காஸ் அண்ணா! நாளைக்கு ஆய்வுக் கட்டுரையப் பிரசுரத்துக்கு அனுப்புறன். எல்லாம் அனற் அக்காட கைராசி."

கைராசி! நெஞ்சில் நெருப்பு விழுந்தது போலிருந்தது அனற்றுக்கு.

மஹய்யாவையில் பிறந்த அவள், பத்தொன்பது வருடங்களாக ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளர். கோழி இறைச்சியில் இயற்கையாகவே உள்ள கார்னோசின், கொழுப்பைக் கெடாமல் காக்கிறதா என்பதுதான் அங்கே கைரியா செய்யும் ஆராய்ச்சி. குழாய்களில் கொழுப்போடு மருந்து விட்டு, கொதிநீர்த் தொட்டியில் ஒரு மணி நேரம் வைப்பார்கள். கொதித்தால்தான், கொழுப்பு கெட்ட அளவுக்கு மருந்து சிவக்கும்.

தவக்காலத்து வெள்ளியொன்றில் குழாய்களை வைத்துவிட்டு, அனற் யாரிடமும் சொல்லாமல் கோயிலில் சிலுவைப்பாதை வழிபாட்டுக்கு ஓடினாள். திரும்பியபோது, கார்னோசின் கலந்த ஆறு குழாய்களும் இருந்த பழைய தொட்டி அணைந்து ஆறிக் கிடந்தது. கார்னோசின் கொழுப்பைக் காத்துவிட்டது போல ஆறும் வெளிறியிருந்தன. கார்னோசின் சேராதவை மற்றத் தொட்டியில் நன்றாகச் சிவந்திருந்தன. "ஒரு மணி நேரம் கொதித்தது" என்று பதிவேட்டில் எழுதினாள். ஆண்டவரின் பாடுகளுக்காக அழுத ஈரம் கண்ணில் காயுமுன்பே எழுதினாள்!

தேநீரை முன்னறைக்குக் கொண்டுவந்து வைத்தவள் அப்படியே நின்றாள்.

"மிஸ், அனுப்பாதீங்க. அந்த ஆறும் கொதிக்கவே இல்ல. அதான் வெளிறிப்போச்சு. நான் பொய் எழுதிட்டேன்."

கைரியாவின் முகம் வெளுத்தது.

"ரெண்டு மாசமா என்னோட ஒரே சோத்துப் பார்சல்ல கை வெச்சீங்களே அக்கா! ஏன் சொல்லல்ல?"

"கோயிலுக்குப் போனேன்னு சொல்லப் பயமா இருந்துச்சு."

"நான் தொழப் போகக்குள்ள என்ட குழாய்களப் பாத்துக்கொண்டது யாரு? நீங்கதானே! ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் பாத்திருக்க மாட்டனா?"

ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அனற் கதிரையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

"திங்கக்கிழம எட்டு மணிக்கு வாங்க. ஆறையும் திரும்பச் செய்வம். அதுக்கு முதல் ஆய்வுகூடப் பொறுப்பாளர் சேர்ட்ட நீங்களே சொல்லணும்."

"சொல்றேன் மிஸ்."

கைரியா தேநீரைத் தொடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். லூக்காஸ் கதவைச் சாத்தினான்.