பொக்லைனுக்கு அடியில் ஒரு வெள்ளைத் திட்டு

எங்கள் வீட்டில் காலையில் முதல் சாப்பாடு சித்தப்பாவின் குட்டி பொக்லைனுக்குத்தான். அதற்குக் கிரீஸ் வைத்து முடிக்கும்வரை சித்தப்பா பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். சித்தி காப்பி டம்ளரோடு வாசலில் நிற்பாள். ஆறிப்போனால் உள்ளே போய்ச் சுட வைத்துக்கொண்டு மறுபடி வந்து நிற்பாள். இப்படி ஒரு காப்பி இரண்டு மூன்று தடவை அடுப்பேறி இறங்கும்.

பொக்லைன் என்றதும் நெடுஞ்சாலைப் பக்கம் மலையைக் குடைகிற பெரிய மெஷினை நினைத்துக்கொள்ளக் கூடாது. இது ஒரு ஆள் உட்காரும் கூண்டு, கீழே இரண்டு பக்கமும் இரும்புச் செயின், முன்னால் மண் அள்ள ஒரு கை, அவ்வளவுதான். விருத்தாசலத்துச் சந்துகளில் நுழைந்து அஸ்திவாரம் தோண்டும், பைப்புக்குப் பள்ளம் எடுக்கும், களிமண் குழியில் இறங்கும். அந்த அளவு மெஷின் ஜில்லாவிலேயே தன்னிடம்தான் இருக்கிறது என்று சித்தப்பா சொல்வார். ஜில்லா எவ்வளவு பெரியது என்று தெரியாததால் நானும் பள்ளிக்கூடத்தில் அப்படியே சொல்லித் திரிந்தேன்.

காலைப் பராமரிப்புக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மெஷினைச் சுற்றி வந்து, குனிந்து, அடியில் ஏதாவது ஒழுகியிருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் குச்சியை விட்டு இன்ஜின் ஆயில். அப்புறம் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கண்ணாடியில் ஹைட்ராலிக் ஆயில் மட்டம். மெஷினின் கையைத் தூக்கி இறக்குவது அந்த எண்ணெய்தான். பிறகு ரேடியேட்டர் தண்ணீர். பிறகு ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டுவார். எங்கள் ஊர் செராமிக் பட்டறைகளின் தூசி அதிலிருந்து பவுடர்போல் பறக்கும். செயினில் ஒட்டிய மண்ணைக் கம்பியால் நோண்டி எடுப்பார். கடைசியில் கிரீஸ் கன்னோடு ஒவ்வொரு மூட்டாகப் போவார். நடுவில் யாராவது கூப்பிட்டுவிட்டால் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிந்திப் போனாலும் போவார், கிரீஸ் அடிக்காமல் போகமாட்டார்.

"எனக்கு ஒரு நாளு முழங்காலு வலிக்குதுன்னா தைலம் தேச்சு வுட்டிருப்பாரா இந்த மனுசன்? அதுக்கு மட்டும் மூட்டு மூட்டா தடவுறாரு" என்று சித்தி அம்மாவிடம் சொல்வாள். மெஷினைச் சக்களத்தி என்றே சொல்வாள். எனக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை. சித்தப்பாவுக்கு உலகத்தில் பிடித்த ஒரே பொருள் அந்த மெஷின் என்று நினைத்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அவரிடம் மெஷின் கிடையாது. வீட்டை ஒட்டியே அப்பாவின் பொம்மை ஷெட் இருந்தது. கார்த்திகைக்கு அகல்விளக்கு, கிறிஸ்துமஸுக்குக் குடில் சுரூபங்கள் என்று அங்கே வருஷம் முழுக்க வேலை ஓடும். களிமண்ணைப் பால் பதத்துக்குக் கரைத்த கரைசலை ஷெட்டில் ஸ்லிப் என்பார்கள். அதைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, அச்சின் ஓரத்தில் மண் கெட்டியாகப் பிடித்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு, அச்சைப் பிரித்தால் உள்ளே ஒரு சூசையப்பரோ சிறகு வைத்த சம்மனசோ நிற்பார். சித்தப்பா அப்பாவோடு சேர்ந்து குடிலுக்கு ஆட்டுக்குட்டிகள் ஊற்றிக்கொண்டிருந்தவர். கருவேப்பிலங்குறிச்சியில் பெண் பார்க்கப் போனபோது, "அண்ணன் ஷெட்டுல பொம்ம ஊத்துறாரு, சரி. சொந்தமா என்னா பண்றாரு?" என்று பெண் வீட்டில் கேட்டார்களாம். அந்தக் கேள்விக்குப் பதிலாக வாங்கியதுதான் பொக்லைன். கல்யாணமானதும் சித்தியின் நகையில் பாதி அதற்குள் போனது. நான் சொல்லும் வருஷம் சித்தி முழுகாமல் இருந்தாள். மெஷின் நின்றால் வீடே நின்றுவிடும் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

மழைக்காலத்தில் ஒரு நாள் நல்லூர்ப் பக்கம் குட்டை தூர் வாரப் போன இடத்தில் மெஷின் சேற்றில் இறங்கிவிட்டது. வயிறு வரை தண்ணீர். டிராக்டர் கட்டி இழுத்துக் கொண்டுவந்து, வழக்கம்போல் ஷெட் சுவரை ஒட்டி நிறுத்தினார். ராத்திரி ஒரு தூறல் போட்டது.

மறுநாள் காலை சுற்றி வந்து குனிந்தவர் நிமிரவே இல்லை.

மெஷினுக்கு அடியில் வெள்ளையாக ஒரு திட்டு. ஈரத்தில் கிரீஸும் கலந்து பளபளவென்று கிடந்தது. ஆயில் மட்டம் பார்க்கும் கண்ணாடியைச் சேறு மூடியிருந்தது. சேத்தியாத்தோப்பிலிருந்து வருகிற மெக்கானிக் அண்ணன் ஒரு தடவை எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருந்தார். தண்ணீர் புகுந்தால் ஹைட்ராலிக் ஆயில் பால்போல வெளுத்துவிடும், ஆயில் வெளுத்தால் பம்ப் போச்சு, பம்ப் போனால் மெஷினைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும் என்று.

அப்பா ஓடி வந்து குனிந்து பார்த்தார். "ஆமாண்டா. பாலேதான்" என்றார்.

"மாதாவே!" என்று அம்மா நெஞ்சில் கை வைத்தாள். சித்தி டம்ளரைக் கீழே வைத்தாள்.

சித்தப்பா செல்லில் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "சாயங்காலம் வரேன். அதுவரைக்கும் சாவியத் தொடாதீங்க, எதையும் தெறந்து பாக்காதீங்க" என்று அவர் கத்தியது எங்களுக்கும் கேட்டது. தொடாதீர்கள் என்றதும் நாங்கள் ஒருவரும் பக்கத்தில்கூடப் போகவில்லை. தெருவில் செய்தி பரவி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சாவு வீட்டுக்கு வருவதுபோல் மெதுவாக வந்து, குனிந்து திட்டைப் பார்த்து, உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர் செருப்பைக்கூட வெளியே கழற்றிவிட்டு வந்தார். சித்தி மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். அன்று எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் இருந்துவிட்டேன்.

சித்தப்பா மட்டும் வேறு மாதிரி இருந்தார். காலையில் உட்கார்ந்து நிதானமாகத் தோசை தின்றார். இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார். பகலில் கூடத்தில் படுத்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அவர் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. எழுந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, நேராக ஷெட்டுக்குள் போனார். அச்சுகளைக் கட்டி ஸ்லிப் ஊற்ற ஆரம்பித்தார். நானும் பின்னால் போனேன். ஆட்டுக்குட்டிகள் ஒன்றொன்றாக வெளியே வந்தன. ஒரு குட்டிக்குக் காது மடங்கிப்போயிருந்தது. அதை எடுத்துக் காட்டி, "இது ஒங்கப்பன மாதிரி, சொன்னா கேக்காது" என்றார். அப்பா களிமண்ணை எடுத்து அவர்மேல் எறிந்தார். இரண்டு பேரும் சின்னப் பையன்களைப்போல் சிரித்தார்கள். சித்தப்பாவின் கை முழங்கை வரை வெள்ளை.

சிரிப்பைக் கேட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, சித்தியிடம் ரகசியமாகச் சொன்னாள்: "துக்கம் தலைக்கேறிப்போச்சு போலருக்குது. நீ போயி கொஞ்சம் பேச்சுக் குடு." சித்தி வந்து ஷெட் வாசலில் நின்றாள். சித்தப்பாவையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள்.

பொழுது சாயும் நேரத்தில் மெக்கானிக் அண்ணனின் பைக் வந்தது. எல்லோரும் மெஷினைச் சுற்றிக் கூடினோம். அவர் மெஷினைப் பார்க்கவில்லை. குனிந்து திட்டை ஒரு விரலால் தொட்டு, கட்டைவிரலோடு வைத்துத் தேய்த்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். அப்புறம் ஷெட் சுவரோரம் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஏங்க, பால் வெள்ளன்னா ஆயிலுதானா? இது ஒங்க ஷெட்டு ஸ்லிப்புங்க! ஷெட்டுக்குப் பின்னாடி டிரம்முல அடப்புத் துணி நெகிழ்ந்து ராவெல்லாம் ஒழுவிக் கெடக்குது. மழத்தண்ணியில சுவரோரமாவே எறங்கி வந்திருக்குது."

அப்பா சிரிக்க ஆரம்பித்து, இருமலாகி, கண்ணில் தண்ணீர் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டார். இருபது வருஷமாக ஸ்லிப்பிலேயே குளிக்கிற மனிதர் அவர். எனக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. வாசலுக்கும் கூடத்துக்கும் காரணமில்லாமல் ஓடினேன். அம்மா சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லார் வாயிலும் போட்டாள், மெக்கானிக்குக் கொஞ்சம் கூடுதலாக. சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே சிரித்தாள். அவ்வளவு நிம்மதி ஒரே நேரத்தில் எங்கள் வீட்டுக்குள் வந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"அண்ணே, நல்லாப் பாத்துட்டீங்களா?" என்றார் சித்தப்பா.

மெக்கானிக் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஹைட்ராலிக் டேங்க் மூடியைத் திறந்து, எண்ணெயில் ஒரு குச்சியை விட்டு எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாத்துக்குங்க. தேனு மாதிரி இருக்குது. மெஷினுக்கு ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணும் இல்ல" என்று சித்தப்பா திருப்பிச் சொன்னார். தலையை ஆட்டினார். கையில் காய்ந்திருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"பொறந்ததுலேருந்து மண்ணுல பொரண்ட ஆளுக்கு இதுகூடவா தெரியாது?" என்று அம்மா கேட்க, எல்லோரும் மறுபடி சிரித்தோம். சித்தப்பாவும் சிரித்தார். சித்தி மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் கையையே பார்த்தாள்.

மறுநாள் விடிந்ததும் நான் வாசலுக்கு வந்தால், கிரீஸ் கன் சித்தியின் கையில் இருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மெஷினைச் சுற்றி வந்தாள். சிரமப்பட்டுக் குனிந்து அடியில் பார்த்தாள். குச்சி, கண்ணாடி, தண்ணீர் என்று ஒன்று விடாமல் வரிசையாகப் போனாள். சித்தப்பா பக்கத்தில் போய், "நீ எதுக்கு இதெல்லாம்?" என்றார்.

"தெனமும் பாத்துக்கிட்டுதான நிக்கிறேன், எனக்குத் தெரியாதா? பளுவு எதுவும் தூக்கல. இத நான் பாத்துக்குறேன், ஓட்டுறத நீங்க பாருங்க. வேலைக்குக் கெளம்ப இன்னும் நேரம் இருக்குது. நீங்க போயி ஒங்க அண்ணங்கூட நாலு குட்டி ஊத்திட்டு வாங்க. போங்க, நிக்காதீங்க."

அதன்பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. குழந்தை பிறந்த மாதம் மட்டும் அம்மா அந்த வேலையைப் பார்த்தாள், மனசில்லாமல். ஸ்லிப்புக்கும் ஆயிலுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளை நம்பி இனி மெஷினை விடக் கூடாது என்று சித்தி தண்டனை கொடுத்துவிட்டாள் என்றுதான் தெருவே பேசியது. நானும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொன்னேன். ஜில்லாவிலேயே மனைவியிடம் மெஷினைப் பறிகொடுத்த ஒரே மனிதர் என் சித்தப்பா என்று கூடுதலாக ஒன்றைச் சேர்த்தும் சொன்னேன். தினமும் காலையில் ஷெட்டிலிருந்து வந்து, கையைக் கழுவிக்கொண்டு, பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி அவர் மெஷினில் ஏறுவார். தண்டனை வாங்கிய மனிதர் ஏன் இவ்வளவு சந்தோஷமாக வேலைக்குப் போகிறார் என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை.