கான்வி மலையில் ஒரு யானை

வீட்டுச் சாவி வாசற்கதவுக்குப் பக்கத்திலேயே தொங்கியது. சின்ன இரும்புப் பெட்டிக்குள்; நான்கு எண்களைத் திருப்பினால் பெட்டி திறந்துகொள்ளும். எண்ணை வீட்டு உரிமையாளர் முன்பே என் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தார். வேல்ஸின் வடக்குக் கடற்கரையில், கான்வி என்ற கோட்டை ஊரில், நான்கு நாள் விடுமுறைக்கு நாங்கள் எடுத்த வீடு அது. உள்ளே மேசைமேல் பாலும் கேக்கும் இருந்தன, ஆளைத்தான் காணோம். அப்பா கையிலிருந்த துணிப்பெட்டியைக் கீழே வைக்காமல் வீட்டைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வந்தார்.

“வாச்சர் எங்க தாயி?”

“வாச்சரெல்லாம் கிடையாதுப்பா. நாமளே திறந்து நாமளே பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்.”

“நல்ல கூத்துதான் போ. வந்தது யாருன்னு ஒரு ஆளு பாக்க வேண்டாமா?”

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊரான சூரியநெல்லியின் தேயிலைக் காட்டில் முப்பது வருஷம் மருந்தடித்தவர், ஓய்வுக்குப் பிறகு சின்னக்கானல் பக்கம் ஒரு விருந்தினர் பங்களாவுக்கு வாச்சராகப் போனார். கொச்சியிலிருந்து கார் வரும்வரை சாவிக்கொத்தோடு கேட்டில் நிற்பார். வந்து இறங்குகிறவர்கள் மலையைப் பார்த்து ஆகா ஓகோ என்பார்கள். எங்களுக்கு அது என்றைக்கு மலையாக இருந்தது? வேலை பார்க்கும் டிவிசன், விடியலில் பேர் கூப்பிடும் மஸ்டர், பறிக்கும் கொழுந்து, அட்டைக்கடி. உலகமே விடுமுறைக்கு வரும் ஊரில் பிறந்தும் விடுமுறைக்குப் போவது எப்படி என்று எனக்குத் தெரியாது. மான்செஸ்டரில் முதியோர் இல்லத்து நர்ஸாக ஆறு வருஷம் ஓடியும் இதுதான் முதல் பயணம். அம்மா போனபின் அப்பாவை ஆறு மாத விசாவில் வரவழைத்திருந்தேன். திரும்பிப் போவதற்குள் அவருக்கு எதையாவது காட்டிவிட வேண்டும் என்று ஒரு வெறி. பிழைக்க வந்த இடத்துக்குப் பெற்றவர்களைக் கூட்டி வந்த எல்லோருக்கும் இந்த வெறி தெரிந்திருக்கும்.

முதல் நாள் கோட்டை. கடல் ஓரமாக எட்டுக் கோபுரங்கள் நிற்கின்றன. அப்பா அண்ணாந்து பார்த்துவிட்டு, “இம்புட்டுக் கல்லையும் சுமந்த ஆளுக எங்க தங்குனாக? லயம் எந்தப் பக்கம்?” என்றார். லயம் என்றால் எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகள். சீட்டுக் கொடுக்கும் பெண்ணிடம் நான் போய், வேலையாட்கள் இருந்த இடம் எது என்று கேட்டேன். அவள் மிகவும் வருத்தப்பட்டு, ஊழியர் அறைக்குள் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை என்றாள். அப்பாவிடம் அப்படியே சொன்னேன். “இங்கயும் அதே கததானா!” என்று அவர் சிரித்த சிரிப்பில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் ஊருக்குப் பின்னாலுள்ள மலைக்குப் போனோம். பளிச்சென்று வெயில். பாதி ஏறியதும் அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டார். பாதையோரம் ஒரு பெஞ்சில் அவரை உட்காரவைத்து, புளிச்சோற்றுத் தூக்குவாளியையும் கொடுத்துவிட்டு, நானும் என் கணவர் ஜெயராஜும் மேலே போனோம். அங்கிருந்து பார்த்தால் கோட்டையும் கடலும் ஒரே படத்தில் விழும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு படத்துக்காக அப்பாவை விட்டுவிட்டுப் போனேன், வேறென்ன சொல்ல? நாங்கள் மேலே போய்ச் சேர்வதற்குள் கடலிலிருந்து மேகம் ஏறி வந்து மலையை மூடிவிட்டது. தட்டுத் தடுமாறி இறங்கினால் பெஞ்ச் காலி. அப்பாவின் போன் காரில் கிடந்தது.

அப்பா, மாமா என்று நாலு பக்கமும் கத்தினோம். எங்கள் சத்தம் எங்களுக்கே திரும்பி வரவில்லை. மலையின் ஒரு பக்கம் செங்குத்தாக இறங்குகிறது என்று காலையில் பலகையில் படித்ததுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது நாலு சக்கர மோட்டார் பைக்கில் ஒரு அம்மா நாயோடு வந்தார். ஆடு வளர்ப்பவர், அறுபது வயதிருக்கும். அப்பாவின் அடையாளம் கேட்டார். குரங்குக் குல்லா, பழுப்புக் கோட்டு என்றேன். எந்தப் பக்கம் நடந்திருப்பார் என்று கேட்டார்.

“நடந்திருக்க மாட்டார். யானைக்குப் பயந்து எங்கேயாவது உட்கார்ந்திருப்பார்” என்று உளறினேன்.

அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, அவருக்கு மறதி நோய் உண்டா, எவ்வளவு காலமாக என்று கேட்டார். முதியோர் இல்லத்தில் தினமும் நான் மற்றவர்களிடம் கேட்கிற அதே கேள்வி, அதே தாழ்ந்த குரல். கேட்கப்படும் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். டண் டண் டண். சற்று அமைதி. மறுபடி டண் டண் டண்.

எவர்சில்வர் சத்தம்! எங்கள் ஊரில் மேகம் இறங்கினால் யாரும் நடக்க மாட்டோம். மேகத்துக்குள் யானை நிற்பது பாறை மாதிரிதான் தெரியும். பத்தடிக்குள் போன பிறகுதான் பாறை காதை ஆட்டும். அதனால் மறைவான இடம் பார்த்து உட்கார்ந்து, கையில் இருப்பதைத் தட்டுவோம். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். யானையும் விலகிப் போகும், தேடி வருபவர்களுக்கும் இடம் தெரியும். நான் ஓடினேன். நாய் எனக்கு முன்னால் ஓடியது.

கல்சுவர் கட்டிய ஆட்டுப்பட்டிக்குள், ஐந்தாறு ஆடுகளுக்கு நடுவே, தூக்குவாளி மூடியைக் கல்லால் தட்டிக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

“பெஞ்சுல இருன்னுதானப்பா சொன்னேன்! உசுரே போச்சு எனக்கு!”

“பெஞ்சுக்குப் பின்னாடி நின்னுச்சு தாயி. பெரிய ஒத்தை யானை.”

ஜெயராஜுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “மாமா, இந்த நாட்டுல யானை ஏது?”

“இல்லைன்னு எனக்குந்தான் தெரியும் மாப்ள. காலு கேக்கணுமே!”

ஆட்டுக்கார அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இந்த மலையில் மேகத்துக்குள் நடக்காமல் உட்கார்ந்த முதல் விருந்தாளி இவர்தான், மற்றவர்களையெல்லாம் கயிறு கட்டித் தூக்க வேண்டியிருக்கும் என்று சொல்லி அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பா எழுந்து தூக்குவாளியை நீட்டினார். அந்த அம்மா விரலாலேயே ஒரு வாய் புளிச்சோறு தின்று, கண்ணில் நீர் வர இருமி, இன்னொரு வாய் எடுத்தார். மேகம் விலகியபோது பெஞ்சுக்குப் பின்னால் ஒரு பாறை நின்றது. சத்தியமாக, ஒத்தைக் கொம்பன் குனிந்து நிற்கிற மாதிரியேதான் இருந்தது. கோட்டைப் படத்தை மறந்துவிட்டு அந்தப் பாறையோடு அப்பாவை நிற்கவைத்து எடுத்தேன். கீழே இறங்கும் வரை அவர் கையை நான் விடவில்லை. விட்டால்தானே தொலைவார்.

விசா முடிந்து அப்பா ஊருக்குப் போய்விட்டார். போன வாரம் மான்செஸ்டரில் கடைத்தெருவில் நடந்தபடி அவரோடு போன் பேசிக்கொண்டிருந்தேன். இங்கே காலை, நல்ல வெயில்; அங்கே பிற்பகல். அவர் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பின்னால், தூரத்தில், டண் டண் டண்.

“மேகம் இறங்கிருச்சு தாயி. யாரோ தட்டுறாக. வச்சிரு, அப்புறம் பேசுறேன்.”

போன் அடங்கியது. நான் நடைபாதை நடுவே நின்றுவிட்டிருந்தேன். பின்னால் வந்தவர்கள் மன்னிப்புக் கேட்டு விலகிப் போனார்கள். வெயில் முகத்தில் அடித்தது. சூரியநெல்லியில் மேகம் விலகட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.