முப்பத்தொன்பது நிமிடங்கள்

“ஏட்டி, சாக்கு தைக்கிறவன் மவளுக்கு ஆகாசத்துல போற வழிய அளக்கணுமாக்கும்?” என்று என் மாமா ஒருமுறை கேட்டார்.

அளந்தேன். பிறகு, இன்னொருத்தியின் சரியான கணக்கை, சரியென்று தெரிந்தே, சிவப்பு மையால் அடித்தேன். இதை இன்று காலைவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் பெயர் ராஜம். எங்கள் நகரின் ஸ்ரீவராகம் அக்கிரகாரத்துக்காரி, காலேஜில் என் வகுப்புத் தோழி. அவள் வீட்டில் அலமாரி நிறையப் புத்தகங்கள். என் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் மூன்று பக்கம் எழுதிக் காணும் விடையை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொல்லிவிடுவாள். உங்களுக்குப் பொறாமை தெரியுமா? அவள் சிரித்தால் நானும் சிரிப்பேன்... உள்ளே ஏதோ கருகும்.

நகரில் விமானத்தளம் புதிதாக வந்த சமயம். கணக்கு டீச்சர் எங்கள் இருவருக்கும் ஒரு கணக்குக் கொடுத்தார். இவ்வூர்த் தளத்திலிருந்து பம்பாய்த் தளம் எத்தனை மைல்? மணிக்கு நூறு மைல் வேகத்தில், எங்கும் நில்லாமல், காலை ஆறு மணிக்குக் கிளம்பும் விமானம் அங்கே எப்போது இறங்கும்? நன்றாகச் செய்பவளுக்குச் சென்னையில் கணித ஆனர்ஸ் படிக்கச் சிபாரிசு. இடம் ஒன்றே ஒன்று.

தூரம் இருவருக்கும் எழுநூற்று எண்பது மைல். இறங்கும் நேரம் பகல் ஒன்று நாற்பத்தெட்டு என்று நான் எழுதினேன். ராஜம் எழுதியது ஒன்று ஒன்பது.

ஒருத்தி நோட்டை மற்றவள் திருத்த வேண்டும் என்பது டீச்சரின் வழக்கம். நோட்டை நீட்டும்போது ராஜம் சொன்னாள்: “பம்பாய்க்குன்னு தனி மணி; அந்தக் கடியாரம் நம்மளுதுக்கு முப்பத்தொம்பது நிமிஷம் பின்னாடிடி. அத்திம்பேர் அங்கதானே இருக்கார், கேட்டோ? காரணம் எழுத மறந்துட்டேன். நாளைக்கு என்னைப் பெண் பார்க்க வரா, காலேஜுக்கு வரமாட்டேன். நீயே ஒரு வரி சேர்த்துடு.”

அந்த ஒரு வரியை நான் சேர்க்கவில்லை. ‘கூட்டல் பிழை’ என்று எழுதினேன். அதுவும் அழகான கையெழுத்தில்.

டீச்சரின் விடையும் ஒன்று நாற்பத்தெட்டுதான். பம்பாய் மணி அவருக்கும் தோன்றவில்லை. என் நோட்டில் ராஜம் பென்சிலால், ‘சரி, நம்மூர் மணிப்படி’ என்று எழுதியிருந்தாள். அதை அழித்துவிட்டுத்தான் காட்டினேன்.

“கூட்டல்லயே தப்பு பண்றவ மெட்ராஸ் போய் என்ன படிக்கப்போறா?” என்றாராம் அவள் அப்பா. அந்த மாதமே நிச்சயமாயிற்று.

சென்னையிலிருந்து இந்த விடுமுறைக்கு வந்தபோது அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. நான் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள். “நோட்டு திரும்பி வந்த அன்னிக்கே சிவப்பு மையைப் பார்த்தேன். நீயே வந்து மாத்துவேன்னு கொஞ்ச நாள் இருந்தேன்.” கோபம் இல்லை. காப்பி குடிக்கிறாயா என்று கேட்டாள். அப்போதும் எனக்குள் எழுந்தது என்ன தெரியுமா? இப்படி அமைதியாக இருக்க இவளுக்கு மட்டும் எப்படி வருகிறது என்ற பொறாமைதான்.

இன்று காலை எல்லாவற்றையும் எழுதி டீச்சர் கையில் கொடுத்தேன். என் இடத்தைப் பறித்தாலும் அது இனி ராஜத்துக்குப் போகாது. அதை அறிந்தே கொடுத்தேன். அவர் முதல் வரியைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை.