கருத்துத் தடை

பத்தொன்பது வயதில் கல்யாணமாகி நாங்குநேரிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து இறங்கியபோது மாரிசெல்வி வாயைத் திறக்கவே கூச்சப்பட்டாள் என்று சொன்னால் இன்று அவள் குடியிருக்கும் சந்தில், அந்தக் கல்லியில், ஒருவரும் நம்பமாட்டார்கள். பதினான்கு வருஷமாக அவள் சுகாதார நிலையத்தின் தொண்டர். வீடு வீடாகப் போய் எத்தனை பிள்ளை, அடுத்தது எப்போது, நிறுத்தியாகிவிட்டதா என்று கேட்டு நோட்டில் குறிக்க வேண்டும்.

இதில் அவள் கண்டுகொண்டது, எதற்கும் யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை என்பது. காப்பர்-டி என்றால் "கம்பி." ஆணுறை வெறும் "அது." அதையும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொல்வார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவள் "நிப்பாட்டியாச்சு" என்பாள், ஏதோ பால் வாங்குவதை நிறுத்தியதுபோல. ஆம்பிளைகள் செய்துகொள்ளும் ஆபரேஷனுக்கு மட்டும் கல்லியில் ஒரு சொல்லும் கிடையாது. தேவைப்பட்டால்தானே சொல் பிறக்கும்.

நோட்டில் "தொழில்" என்று ஒரு கட்டமும் உண்டு. செண்பகவல்லி வீட்டில் அதை நிரப்பப் போனபோது, அவள் தரையில் உட்கார்ந்து தோல் பர்ஸ்களுக்கு ஜிப் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். முழங்கால் உயரத்துக்குப் பர்ஸ் குவிந்திருந்தது. கட்டிலில் படுத்திருந்த அவள் புருஷன் ராஜபாண்டி, மொபைலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "அவ சும்மாதான் இருக்கா, மைனி. ஹவுஸ்வைஃப்னு போட்டுக்கிடுங்க."

மாரிசெல்வி "தோல் தையல்" என்று எழுதிவிட்டு எழுந்து வந்தாள்.

போன வருஷம் மாட்டுங்காவில் ஒரு டிரஸ்ட்காரர்களுக்குத் தாராவிப் பெண்களின் மேல் அக்கறை பிறந்தது. தமிழில் துண்டறிக்கை அடித்தார்கள். டிரஸ்டில் வேலை பார்க்கும் ஸ்ரீதேவி என்ற பெண் இருநூறு பிரதிகளைக் கொண்டுவந்து மாரிசெல்வியிடம் கொடுத்தாள். "இல்லத்தரசிகளே! கருத்தடை உங்கள் கடமை" என்று தலைப்பு. கீழே தாமரைப்பூ.

ஸ்ரீதேவி பார்த்துக்கொண்டிருக்க, மாரிசெல்வி சுகாதார நிலையத்துப் பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பெண்களை உட்காரவைத்து அதை வாசிக்கச் சொன்னாள். பாதிப் பேர் ஹிந்திப் பள்ளியில் படித்தவர்கள். செண்பகவல்லிதான் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "க... ரு... த்... கருத்து... தடை." நிமிர்ந்து பார்த்தாள். "யக்கா, கருத்துத் தடையா? அது எங்க வீட்ல தாலி கட்டின அன்னைக்கே போட்டாச்சே! இதுக்கு எதுக்கு நோட்டீஸு?"

சிரிப்பு அடங்கக் கால்மணி நேரமானது. அதற்குள் இன்னொருத்தி "இல்லத்தரசி"யில் நின்றுவிட்டாள். "பத்தடிக்கு எட்டடி கோலி, ஒரே ரூமு, தண்ணிக்கு வரிசை, கக்கூஸுக்கு வரிசை. இதுக்குப் பேரு அரசியாக்கும்?"

நடந்ததை ஸ்ரீதேவி அப்படியே போய்ச் சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் மாரிசெல்வியை மாட்டுங்காவுக்குக் கூப்பிட்டார்கள். ஏ.சி. அறையில் ஸ்ரீதேவியோடு இரண்டு ஆண்கள் இருந்தார்கள். அறிக்கையை எழுதிய வேங்கடசுப்ரமணியன் ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி. தலைவர் சிவகுருநாதன், செம்பூரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர்.

"கருத்தடைங்கறது அகராதில இருக்கற வார்த்தைம்மா," என்றார் வேங்கடசுப்ரமணியன். "அவாளுக்குப் புரியலேன்னா சொல்லிக் கொடுக்கறதுதானே உங்க வேலை?"

"சொல்லிக் குடுத்தா புரியும் சார். அதுக்குள்ள அடுத்த பிள்ளை வந்திரும்."

ஸ்ரீதேவி குனிந்து பேனாவைத் தேடினாள்.

சிவகுருநாதன் தொண்டையைச் செருமினார். "நீங்க பேசுத மாதிரி எழுதினா அசிங்கமா இருக்காதாம்மா? நாலு பேரு பாக்கிறது."

"பெறுறது அசிங்கமில்ல, நிப்பாட்டுறதுதான் அசிங்கமா, அண்ணாச்சி? அது போகட்டும். கடமை எங்களுக்குன்னு போட்டிருக்கீய. அப்போ பிள்ளைக்கு இனிஷியல் மட்டும் எதுக்கு ஒங்களுது?"

வேங்கடசுப்ரமணியன் அறிக்கையை எடுத்து மறுபடி வாசித்துப் பார்த்தார். கடைசியில் சிவகுருநாதன், "சரி, நீங்களே எழுதிக் கொண்டாங்க," என்றார். அவளால் முடியாது என்ற நம்பிக்கையில்தான் சொன்னார்.

மாரிசெல்வி மூன்று நாள் எழுதினாள். "பிள்ளை போதுமா? நிப்பாட்ட வழி இருக்கு" என்று தலைப்பு வைத்தாள். கம்பி, மாத்திரை, உறை, ஊசி எல்லாம் கல்லியில் பேசும் பெயரிலேயே வந்தன. கடைசி வரி: "ஆம்பிளைக்கும் ஆபரேஷன் உண்டு. கால் மணி நேர வேலை. அன்றைக்கே வீட்டுக்கு வரலாம்."

அச்சாகி வந்தபோது எல்லாம் இருந்தது, கடைசி வரி மட்டும் இல்லை. ஸ்ரீதேவியிடம் கேட்டதற்கு, "ஆண்கள் மனசு புண்படும்னு எடுத்துட்டாங்கக்கா," என்றாள்.

மாரிசெல்விக்கு முதலில் கண்ணில் நீர் வந்தது. எரிச்சலில் வந்த நீர். வரியைத் தூக்கியதைவிட, மற்றதெல்லாம் அப்படியே இருந்ததுதான் அவளை உறுத்தியது. பெண்ணின் உடம்பைப் பற்றி என்ன எழுதினாலும் யார் மனசும் புண்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அறிக்கைக் கட்டைத் தூக்கிக்கொண்டு செண்பகவல்லி வீட்டுக்குப் போனாள். ஐந்து பெண்கள் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொரு தாளின் அடியிலும் பால்பாயிண்ட் பேனாவால் அந்த வரியை எழுதினார்கள். தமிழ் எழுதத் தெரியாத ஒருத்தி ஹிந்தியில் எழுதினாள். ராஜபாண்டி கட்டிலை விட்டு எழுந்து டீ குடிக்கப் போனவன் மதியம் வரை திரும்பவில்லை.

ஆறு மாதத்தில் மூன்று ஆண்கள் வந்தார்கள். மூன்று பேர்தான். ஒருவரும் அந்த ஆபரேஷனின் பெயரைச் சொல்லவில்லை. சுகாதார நிலையத்தின் பின்பக்கம் நின்று, "அந்தக் கால்மணி எங்க போடுதாவ?" என்றுதான் கேட்டார்கள். கல்லியில் அதற்கு அதுவே பெயராகிவிட்டது. தேவைப்பட்டதும் சொல் தானாகப் பிறந்துவிட்டது.

விஷயம் மாட்டுங்கா வரை போனது. ஒரு செவ்வாய்க்கிழமை வேங்கடசுப்ரமணியனே போன் செய்தார். "கால்மணின்னா அது நேரத்தைக் குறிக்கறதும்மா, சிகிச்சையை இல்லே. சரியான சொல் ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன், குறிச்சுக்கோங்கோ."

மாரிசெல்வி அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தாள். பக்கத்துப் பெஞ்சில் ராஜபாண்டி, காலை ஆட்டிக்கொண்டு, "எவன்ட்டயும் சொல்லிராதீங்க மைனி," என்று நாலாவது முறையாகக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"சார், உள்ள கூப்பிடுதாவ. அப்புறம் பேசுதேன்," என்று போனை வைத்தாள். "எந்திரிங்க. சும்மா உக்காந்திருந்தா ஆச்சா?"