அக்காவின் எட்டுத் துண்டுப் பிரெஞ்சு

அக்கா தேறிவிட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் அவனியாபுரத்துத் தெருவில் பிரெஞ்சு படித்த முதல் ஆள் அவள்தான். தமிழை விட்டு அதை எடுத்தால் மதிப்பெண் கொட்டும் என்று யாரோ சொல்லப்போய், பிளஸ் ஒன்னில் எடுத்துவிட்டு முழித்தாள். வாய்மொழித் தேர்வில் தோற்றால் உதவித்தொகை போய்விடும், பள்ளியும் மாற வேண்டும்.

ஆன்-தி-கோன்ஸ்-தி-த்யு-சியோ-நெல்-மான். இது ஒரே சொல். வெண்டைக்காய் நறுக்குகிற மாதிரி எட்டாக வெட்டிவிடுவாள். அழுத்தம்தான் உதைத்தது. கடைசித் துண்டில் அழுத்த வேண்டுமாம். இவளோ முதல் துண்டிலேயே மூச்சையெல்லாம் செலவழித்துவிட்டு, 'மான்' வருவதற்குள் ஓய்ந்துபோவாள்.

அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். அவர் ஆள் கூப்பிடும் குரலென்றால் எனக்கு உயிர். அக்காவுக்கு மானம் போகும். "ஸ்கூல் வாசல்ல மட்டும் கத்தாதீங்கப்பா" என்று சத்தியம் வாங்கியிருந்தாள். பள்ளி மதில் தெரிந்ததுமே அவர் வாயை மூடிக்கொள்வார்.

ஒருநாள் ஆட்டோவில் அந்தச் சொல்லை முணுமுணுத்தபடி வந்தவள், அப்பா வண்டி போகும் இடத்தைச் சொல்லி "தெக்குவாசாஆஆல்!" என்று இழுத்ததும் நிமிர்ந்தாள்.

"இன்னொருக்க கூப்புடுங்கப்பா."

கேலி செய்கிறாளோ என்று தயங்கித்தான் கூப்பிட்டார். அதே இழுப்பில் அவள் பிரெஞ்சுச் சொல்லை எடுத்துவிட்டாள். கடைசித் துண்டு கணீரென்று விழுந்தது. பக்கத்தில் இருந்த கீரைக்காரம்மா, "அந்த ஊரு எங்கிட்டு இருக்குத்தா? பஸ்ஸு போகுமா?" என்று கேட்டார். அன்று முதல் தினமும் அப்பா கூப்பிடுவார், பின்னாலேயே அக்கா சொல்லுவாள்.

தேர்வு ஒரு சனிக்கிழமை. எனக்கு லீவு என்பதால் நானும் போயிருந்தேன். அக்கா ஏறிப்போன பள்ளி மாடியறையின் சன்னல் சாலையைப் பார்த்துத் திறந்திருந்தது. ஆட்டோ நிறைய ஆள். அப்பா வண்டியை எடுக்கவில்லை. சத்தியத்தையும் மறந்து, சன்னலுக்குக் கீழே மதிலோரம் நின்று "தெக்குவாசாஆஆல்!" என்று திரும்பத் திரும்பக் கூவினார். இப்போது நினைத்தாலும் சிலிர்க்கிறது, அப்படியொரு கம்பீரம்.

"இன்னும் எம்புட்டு ஆளுய்யா ஏத்துவ? வண்டிய எடுய்யா!" என்று ஆட்டோவுக்குள்ளிருந்து ஏச்சு விழுந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா வந்து சண்டை பிடிப்பாளே என்று எனக்குப் பயம். சாலையில் ஒருவரும் இல்லை. இருந்தும் அப்பா இவ்வளவு பாடுபட்டுக் கூப்பிடுகிறாரே, எப்படியும் யாராவது வருவார்கள் என்று, நான் ஒடுங்கி உட்கார்ந்து ஓர் ஆளுக்கு இடம் விட்டு வைத்தேன்.