சீட்டில் எழுதாமல் விட்டது

பிள்ளைகளா, நீங்க சித்தப்பான்னு கூப்பிடுற என் கூட்டாளிக்குக் கன்னத்தில் புற்றுநோய் என்று தெரிந்த வாரத்தில் நான் ஒரு தப்புப் பண்ணினேன். உங்க அம்மாவுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அரிமளத்தில் நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். அவன் போர்வெல்லில் மோட்டார் இறக்குகிறவன். வாயில் ஆறாத புண்ணோடு மாசக்கணக்கில் திரிந்தான். திருச்சி ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஆபரேஷனுக்குத் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். டாக்டர் சொன்னதில் பாதி இவனுக்கு ஏறவில்லை. ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து என் கடை மேசையில் போட்டான்.

"நீதான பத்தாவது பாஸு. படிச்சுச் சொல்லு."

எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் வரும். ஒரு மோட்டார் வந்தால் எது கெட்டிருக்கிறதோ அதை மட்டும் சீட்டில் எழுதி மோட்டாரில் கட்டுவது என் வழக்கம். ரிப்போர்ட்டையும் அப்படியே பார்த்தேன். தெரிந்த வார்த்தைகளை விட்டுவிட்டு, தெரியாததை மட்டும் ஒரு சீட்டில் எழுதினேன். ஒவ்வொன்றாகப் போனில் போட்டுத் தமிழில் பார்த்தேன். 'கார்சினோமா' என்றால் புற்று, அதுதான் தெரிந்ததாச்சே. 'ஸ்குவாமஸ்' என்றால் வாயின் உள்தோலில் இருக்கிற தட்டையான செல்லாம். 'மெட்டாஸ்டாசிஸ்' என்றால் புற்று வேறு இடத்துக்குப் பரவுவது.

அதை அப்படியே அவனிடம் சொல்லிவிட்டேன்.

"பரவிருச்சுன்னா அப்புறம் எதுக்குக் கன்னத்தை அறுக்கணும்? நான் போகலை" என்று எழுந்து போய்விட்டான்.

அவன் பெண்டாட்டி ஞாயிற்றுக்கிழமை வரை கெஞ்சிப் பார்த்தது. அவன் அசையவில்லை. கடைசியில் ரிப்போர்ட்டையும் அவனையும் இழுத்துக்கொண்டு எங்க தெரு நர்சம்மா வீட்டுக்குப் போனது. என்னையும் வரச் சொன்னார்கள். சீட்டோடு போனேன்.

நர்சம்மா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அண்ணே, இந்த வரியில முதல்ல 'நோ'ன்னு இருக்கே, அதை எங்க விட்டீங்க?"

"அது தெரிஞ்ச வார்த்தைம்மா. அதான் எழுதலை."

"பரவுனதுக்கு அடையாளம் இல்லைன்னு போட்டிருக்காங்க. நாள் தள்ளுனாத்தான் பரவும். நாளைக்கே போங்க, மிச்சத்தை டாக்டர்கிட்டயே கேளுங்க."

அவன் பெண்டாட்டி என்னைப் பார்க்கவே இல்லை. அவன்தான் வாயைத் திறக்க முடியாமல் ஒரு பக்கமாகச் சிரித்தான்.

"ஏன்டா, என்னையும் காயில் கருகுன மோட்டார்னு சீட்டுக் கட்டிட்டியாக்கும்?"

நர்சம்மா கையிலிருந்து சீட்டை வாங்கிக் கிழித்தேன்.

திங்கட்கிழமை விடிகாலையில் அவனையும் அவன் பெண்டாட்டியையும் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அங்கிருந்து திருச்சிக்கு வேறு பஸ். "கடையைப் பாரு, போ" என்று ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினான்.

கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்கினேன். முந்தின நாள் வந்த மோட்டார் ஒன்று மேசையில் கிடந்தது. சீட்டில் 'பேரிங் போச்சு' என்று மட்டும் எழுதியிருந்தேன். மோட்டாரைத் திறந்து இன்னொரு தரம் பார்த்தேன். பிறகு பேனாவை எடுத்து, அதற்குக் கீழே, 'காயில் நல்லா இருக்கு' என்று எழுதினேன்.